வீட்டு மெழுகுவர்த்தி: குறையும் பரிகாரமும்

திருவனந்தபுரத்தில் நெடுங்காலமாக வசிக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கு 1990-களின் மாலை நேர மின்வெட்டு நினைவிருக்கும். கவிழ்த்து வைத்த டம்ளரின் அடியில் இரண்டு சொட்டு மெழுகை உருக்கி விட்டு, அதில் மெழுகுவர்த்தியை நிறுத்துவோம். பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்கும் வந்தபின், மெழுகுவர்த்தியின் வேலை இனிக் கோயிலிலும் கல்லறைத் திருநாளிலும்தான் என்று நினைத்திருந்தேன். அது தவறு. கண்ணாடிக் குவளையில் ஊற்றி வாசனை சேர்த்த மெழுகுவர்த்தி இப்போது பிறந்தநாள் பரிசாகவும் கல்யாணத் தாம்பூலப் பையிலும் வருகிறது. அதை வீட்டிலேயே செய்து விற்கும் பெண்கள் நம் குடும்பங்களிலும் பலர் இருக்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

அவள் எடுத்துக்கொண்டது சோயா மெழுகு. சென்ற ஆண்டு, தெரிந்த குடும்பம் ஒன்று தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு 60 குவளைகள் கேட்டு முன்பணமும் கொடுத்தது. மூன்று வாரம் அவகாசம். இரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திரங்களோடு பழகியவன் என்ற தைரியத்தில் நானும் துணைக்கு நின்றேன்.

முதலில் ஊற்றியவற்றில் மேற்பரப்பு குழிந்தது. குவளைச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கொளுத்தினால் மல்லிகை வாசனை மூக்கருகே வைத்தால்தான் தெரிந்தது. "அப்பா, வாசனை எண்ணெயைக் கூட்டிப் பார்க்கலாமா?" என்றாள். கூட்டினோம். மெழுகின் மேல் வியர்வைபோல எண்ணெய்த் துளிகள் நின்றன, சுடர் சுருங்கிவிட்டது. அப்படியானால் திரி போதவில்லை என்று தடித்த திரியைப் போட்டோம். சுடர் நன்றாக எழுந்தது, வீடு முழுவதும் மணத்தது. குறை தீர்ந்தது என்று அன்றே 20 குவளைகளை ஊற்றி வைத்தோம்.

அவற்றில் ஒன்றை இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் ஏற்றினோம். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அடிமட்டம் வரை எரியட்டும் என்று விட்டுவிட்டோம். இரவு பத்து மணியளவில் டப்பென்று ஓர் ஓசை. குவளை வெடித்து, உருகிய மெழுகு மேசைத் துணியில் பரவி, திரி சாய்ந்து துணி பற்றிக்கொண்டது. என் மனைவி பதறாமல் பக்கத்திலிருந்த பெரிய எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து அணைத்தாள். யாருக்கும் காயம் இல்லை. மேசையில் மட்டும் ஒரு கறுப்புத் தழும்பு.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் அந்த மேசையருகே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது ஒன்றைத்தான்: இது கல்யாணத்துக்கு வந்த 60 பேர் வீட்டுக்குப் போயிருந்தால்? அங்கே மூடியோடு யார் நிற்பார்கள்?

அதன்பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை, இந்தத் தொழிலில் இறங்கியிருக்கும் நம் பெண்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எரிவது எது?

மெழுகுவர்த்தியில் எரிவது திரி என்றுதான் பலரும் நினைக்கிறோம். எரிவது மெழுகின் ஆவி. சுடரின் வெப்பத்தில் மெழுகு உருகுகிறது. உருகியதைத் திரி நுண்துளைகள் வழியே மேலே உறிஞ்சுகிறது. சுடருக்குள் அது ஆவியாகிக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. இதைப் பிள்ளைகளுக்கு எளிதாகக் காட்டலாம். எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல், ஒரு தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே ஓடித் திரியைப் பற்றும். கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, பின் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டுமே சிறுவர்களுக்கு 6 சொற்பொழிவுகள் ஆற்றினார்.

ஆக மெழுகுவர்த்தி என்பது எரிபொருள், அதைக் கொண்டு சேர்க்கும் திரி, காற்று, இவற்றைத் தாங்கும் குவளை ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு சிறிய இயந்திரம். ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றின் கணக்கும் மாறும். எங்கள் தவறெல்லாம் இதை மறந்ததில்தான் தொடங்கியது.

சோயா மெழுகின் குணம்

கடைகளில் கிடைக்கும் சாதாரண மெழுகுவர்த்தி பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து வருவது. சோயா மெழுகோ சமையல் எண்ணெயின் உறவுக்காரன். சோயா எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கிய கொழுப்பு அது. வனஸ்பதி செய்யும் வழிதான். மெழுகுவர்த்திக்காக இது 1990-களில் அமெரிக்காவில் பரவலாகத் தொடங்கியது.

குவளைக்கான சோயா மெழுகு ஏறத்தாழ 45 முதல் 55 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். பாரஃபினில் பல வகைகள் அதைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். எனவே இந்த வகைச் சோயா மெழுகைக் குவளையில்தான் ஊற்ற வேண்டும். அதில் தனித்து நிற்கும் தூண் வர்த்தி செய்தால் நம் சித்திரை வெயிலில் தோள் சாய்ந்து நிற்கும். தூணுக்கென்று தனி வகை விற்கிறார்கள்.

முதலில் நாங்கள் கண்ட வெண்பூப்புக்கு வருகிறேன். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் குப்பியில் வெள்ளையாக உறைவதையும், நெய் சில சமயம் வழுவழுவென்றும் சில சமயம் மணல் மணலாகவும் உறைவதையும் நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். கொழுப்பு உறையும்போது பலவிதப் படிகங்களாக உறைய முடியும் என்பதே காரணம். சோயா மெழுகிலும் அதே கதைதான். பூப்பு ஒரு குறையே அல்ல. எரிவதை அது பாதிக்காது. முற்றிலும் ஒழிக்கவும் முடியாது, குறைக்கலாம். குவளையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஊற்றுங்கள். குவளைகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரே சீராக ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று குளிர்பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. அதைவிடக் கெடுதல் வேறில்லை.

கண்ணாடியை விட்டு மெழுகு அங்கங்கே விலகி, ஈரம் பட்டதுபோல் தெரிவதும் தோற்றக் குறைதான். ஆறும்போது மெழுகு சுருங்குவதால் வருவது. மேற்பரப்பு குழிவதும் பிளப்பதும், அளவுக்கு மீறிய சூட்டில் ஊற்றியதாலோ, ஓரம் முதலில் உறைந்து நடுப்பகுதி பின்னால் சுருங்கியதாலோ நேர்வது. மெல்லிய குச்சியால் திரியைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். உள்ளே காற்றுக்குழி இருந்தால் தெரியும். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றால் மேற்பரப்பை உருக்கினால் சமமாகிவிடும்.

எத்தனை டிகிரியில் ஊற்றுவது என்பது மெழுகுக்கு மெழுகு வேறுபடும். விற்பவர் தரும் குறிப்புத்தாளே முதல் வேதம். நாங்கள் வாங்கிய வகையை 75 டிகிரி வரை சூடாக்கி, 65-க்கு இறங்கியதும் வாசனை சேர்த்து, 55-ல் ஊற்றுகிறோம். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கைப்பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

எல்லாம் திரியில்தான்

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் கைகாட்டி விளக்குகள் மண்ணெண்ணெயில்தான் எரிந்தன. நீராவி எஞ்சினின் பேரிங்குகளுக்குக்கூட எண்ணெய் ஊட்டியது கம்பளி நூல் திரிதான். கிண்ணத்தில் ஒரு முனை, குழாயில் மறுமுனை; இழைகளின் எண்ணிக்கையை மாற்றித்தான் எண்ணெய் வரத்தைச் சரிசெய்வோம். அந்த வேலையைப் பார்த்த நானே, எங்கள் மெழுகுவர்த்தியில் திரியின் அளவைக் குத்துமதிப்பாக விட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று: பூஜை விளக்குக்குத் திரிக்கும் பஞ்சுத்திரி இதற்கு உதவாது. அகலில் திரி கருகினால் நாம் கையால் தூண்டி விடுகிறோம். மெழுகுவர்த்தித் திரியைத் தூண்ட ஆளில்லை. அது தானாகவே எரிந்து குறைய வேண்டும். பழங்காலத்தில் ஐரோப்பியரும் கருகிய திரியை ஓயாமல் கத்தரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1820-களில் பிரான்சில் பின்னல் திரி வந்தபின்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. பின்னிய திரி எரியும்போது சற்று வளைந்து, நுனி சுடரின் விளிம்புக்கு வரும்; அங்கே காற்று கிடைப்பதால் நுனி எரிந்து சாம்பலாகும். ஆகவே மெழுகுவர்த்திக்கென்றே பின்னிய பருத்தித் திரியை, அடியில் தகடு பொருத்தியதாக வாங்குங்கள்.

திரியின் பருமனை முடிவு செய்வது குவளையின் உள்விட்டம். அதோடு மெழுகின் வகையும் வாசனையின் அளவும் சேரும். திரி சிறிதானால் நடுவில் மட்டும் கிணறுபோல் உருகி, ஓரமெல்லாம் மெழுகு வீணாக நிற்கும். சுடர் அந்தக் கிணற்றிலேயே மூழ்கி அணையும். திரி பெரிதானால் சுடர் உயர்ந்து ஆடும், கரி கக்கும், நுனியில் காளான்போல் கரிக்கட்டி வளரும், குவளை கை வைக்க முடியாமல் சுடும்.

ஓரத்தில் மெழுகு நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் முறை ஏற்றும்போது அரை மணியில் அணைத்துவிட்டால், அடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே உருகும். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. 7 சென்டிமீட்டர் குவளையானால் முதல் முறை சுமார் 3 மணி நேரம் எரியவிட வேண்டும். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் திரியை 5 அல்லது 6 மில்லிமீட்டருக்குக் கத்தரிக்க வேண்டும்.

வாசனை

கூட்டினால் கூடும் என்ற எண்ணமே இங்கே தவறு. மெழுகு தாங்கக்கூடிய வாசனை எண்ணெய்க்கு ஓர் எல்லை உண்டு. சோயா மெழுகுகளுக்குப் பெரும்பாலும் எடையில் 6 முதல் 10 சதவீதம். அதற்கு மேல் போனால் மெழுகு அதை வெளியே தள்ளும். எங்கள் குவளையில் நின்ற வியர்வைத் துளிகள் அதுதான். மிஞ்சிய எண்ணெய் திரியை அடைத்துச் சுடரையும் சுருக்கும். வெயில் காலத்தில் வியர்ப்பது இன்னும் அதிகம்.

கணக்கு எளிது. குவளையில் நிரப்ப வேண்டிய மட்டம் வரை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். 200 மில்லி என்றால், சோயா மெழுகு தண்ணீரைவிட இலேசானது என்பதால் சுமார் 180 கிராம் மெழுகு பிடிக்கும். 6 சதவீத வாசனை என்றால் 11 கிராம் போதும். கரண்டியால் அளக்க வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். அளந்தபின் குவளையை ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவையுங்கள்.

எங்கள் முதல் குவளைகள் மணக்காததற்கு உண்மைக் காரணம் இரண்டு. ஒன்று, திரி சிறிதாக இருந்ததால் உருகிய வட்டம் சிறிது. வாசனை எழுவது அந்த உருகிய பரப்பிலிருந்துதான். இரண்டு, பொறுமையின்மை. சோயா மெழுகு உறைந்தபின் ஒன்று இரண்டு வாரம் மூடி வைத்தால்தான் வாசனை நன்றாக எழும். புதிய ஊறுகாயைப்போல இதுவும் ஊற வேண்டும். நாங்களோ மறுநாளே கொளுத்திப் பார்த்தோம். மூன்று வார அவகாசத்தில் இந்த வேலையை ஏற்றுக்கொண்டதே பிழை.

சமையலுக்கான எசென்ஸும் தண்ணீர் கலந்த வாசனைத் திரவமும் மெழுகில் கரையாது; அடியில் தங்கிப் படபடவென்று வெடிக்கும். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் எண்ணெயையே வாங்குங்கள். சேர்த்தபின் இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள்.

சாயம்

கையில் இருப்பதைப் போட்டு நிறம் ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். மஞ்சள் தூள், குங்குமம், பிள்ளைகளின் மெழுகு வண்ணக்குச்சி, பளபளப்புத் தூள் ஆகியவையெல்லாம் கரையாத துகள்கள். திரியின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். சுடர் சிறிது சிறிதாக மங்கும். கேசரிப் பவுடர் தண்ணீரில் கரைவது, எண்ணெயில் அல்ல. அது புள்ளி புள்ளியாக அடியில் தங்கும். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம் தனியாகக் கிடைக்கிறது. அதுவும் சிட்டிகை அளவே போதும். அடர்ந்த நிறத்தில்தான் வெண்பூப்பு அதிகமாகக் கண்ணை உறுத்தும். இளநிறம் நல்லது, நிறமே இல்லாதது அதைவிட நல்லது என்பது என் அபிப்பிராயம்.

குவளை ஏன் வெடித்தது?

இரயில்வேயில் விபத்து விசாரணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு காரணத்தால் விபத்து நடப்பது அரிது. சிறு சிறு தவறுகள் ஒரே வேளையில் ஒன்று சேரும். எங்கள் மேசையிலும் நான்கு சேர்ந்தன.

முதலாவது, அது பழரசம் குடிக்கும் மெல்லிய கண்ணாடி. சூடு தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டாவது, மிகத் தடித்த திரி. மூன்றாவது, மேலே ஓடிய மின்விசிறி. காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணாடியின் ஒரே இடத்தைச் சுட்டது. நான்காவதுதான் நாங்கள் அறியாதது: குவளையில் மெழுகு பாதிக்குக் கீழே இறங்கியபின் சுவர்கள் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் அதே திரி முன்னைவிட உக்கிரமாக எரியும். மேலே எரியும்போது சரியாக இருந்த திரி, அடியில் மிகையாகிவிடும். நாங்களோ முதல் இரண்டு மணி நேரத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

எனவே ஒரு குவளையைக் கடைசி வரை எரித்துப் பார்க்காமல் விற்கக் கூடாது. ஒரே நேரத்தில் 4 மணிக்கு மேல் எரிக்காமல், அணைத்து, ஆறவிட்டு, திரியைக் கத்தரித்து, மீண்டும் ஏற்ற வேண்டும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வாங்குபவர்களுக்கும் இதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் குவளையின் அடியில் ஒட்டுங்கள்.

சிரட்டையில் ஊற்றும் மெழுகுவர்த்தி நம் ஊரில் அழகாக விற்பனையாகிறது. சிரட்டை நல்ல விறகு என்பதை மறக்க வேண்டாம். சுட்ட மண் அகலும் மெழுகை உறிஞ்சி, தானே திரிபோல் ஆகக்கூடும். கனமான, சூடு தாங்கும் கண்ணாடி அல்லது தகரக் குவளையே நம்பகமானது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

என் மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். ஒவ்வொரு குவளைக்கும் ஓர் எண். மெழுகின் எடை, வாசனையின் எடை, திரியின் எண், ஊற்றிய வெப்பம், தேதி. எரிக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் உருகிய வட்டத்தின் அகலம், ஆழம், சுடரின் உயரம், கரி உண்டா, கண்ணாடி எவ்வளவு சுடுகிறது என்று குறிப்பு. நான் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் குவளையை முடிவு செய்து, பின் மெழுகு, பின் வாசனை அளவு. இவை மூன்றும் நிலைத்தபின் கடைசியாகத் திரி. ஒரே கலவையில் மூன்று அளவுத் திரிகளைப் போட்டு ஒரே நாளில் எரித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். உருகிய மெழுகு ஓரத்தைத் தொட்டு, ஆழம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டராக, சுடர் ஆடாமல் நின்றால் அதுவே சரியான திரி. வாசனையை மாற்றினால் மறுபடி திரியைச் சோதிக்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்திலும் எச்சரிக்கை தேவை. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகில் தண்ணீர்த் துளி விழாமல் பாருங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மெழுகு சிதறிப் பரவும். மூடியால் மூடி, அடுப்பை அணையுங்கள். மிஞ்சிய மெழுகைக் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சோயா இயற்கையானது, அதனால் புகையே வராது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. திரி தவறினால் எந்த மெழுகும் கரி கக்கும். இயற்கை என்ற சொல் தீக்கு எதிரான காப்பு அல்ல.

அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாளே மகள் அவர்கள் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஊற்றி வைத்த குவளைகளையெல்லாம் உடைத்து மெழுகை எடுத்துவிட்டோம். வீடு திரும்பியதும் சிறிது நேரம் அழுதாள். நான்கு மாதம் சோதனை ஓடியது; நோட்டுப் புத்தகத்தில் 40 பக்கத்துக்கு மேல் நிரம்பியது. இப்போது அவளிடம் ஒரே வகைக் குவளை, ஒரே திரி, மல்லிகை வாசனை ஒன்று, நிறம் கிடையாது. மாதம் 30 குவளைக்கு மேல் செய்வதில்லை. முன்பணம் திரும்பப் பெற்ற அந்தக் குடும்பத்தார் தங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அவளிடமே 10 குவளைகள் வாங்கினார்கள்.

நம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே நான்கு காசு சம்பாதிப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நாம் விற்பது நெருப்பு. அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்புமுன், நம் வீட்டு மேசையில் கடைசி வரை எரித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்பதே என் வேண்டுகோள்.